பட்டாளத்துக் கோர்ட்டில் வாயைத் திறக்கலாமா? வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் ராணுவ நீதிமன்றம் பற்றி ஒரு வாசகருக்கு நாலு வரியில் பதில் எழுதியிருந்தேன். அதற்கப்புறம் வேலூர், ஆவடி, தாம்பரம் என்று பட்டாளத்துக் குடும்பங்கள் நிறைந்த ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. எல்லாமே அவசரத்தில் எழுதியவை. ஆகவே சொத்து, ஜீவனாம்சக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, இந்த முறை இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

செஷன்ஸ் கோர்ட்டில் கொலை வழக்கு, அடிதடி வழக்கு நடத்துகிறவர் நீங்கள். ராணுவ வழக்குகள் பக்கம் எப்படி வந்தீர்கள்? இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் என்ன?
– ஒரு வாசகர், பெரம்பூர்

என் அப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். தம்புச் செட்டித் தெருவில் நான் ஜூனியராக இருந்தபோது, நாயக் என்ற கீழ்நிலைப் பதவியில் இருந்த ஒரு ராணுவ வீரரின் மனைவி கைக்குழந்தையோடு சீனியரைப் பார்க்க வந்தார். ஸ்டோரிலிருந்து டீசல் காணாமல் போனதாகக் கணவர்மேல் குற்றச்சாட்டு. "உங்கப்பா பட்டாளம்தானே, நீயே போய்ட்டு வாம்மா" என்று சீனியர் வழக்குக் கட்டை என் கையில் கொடுத்துவிட்டார். அப்படித்தான் ஆரம்பித்தது.

அது சமரி கோர்ட் மார்ஷல், அதாவது சுருக்கமாக நடக்கும் ராணுவ நீதிமன்ற விசாரணை. ராணுவச் சட்டம், 1950-ன்படி கோர்ட் மார்ஷல் நான்கு வகை: ஜெனரல், டிஸ்ட்ரிக்ட், சமரி ஜெனரல், சமரி. கடைசி வகையில் அந்த யூனிட்டின் கமாண்டிங் ஆபீசர் ஒருவரேதான் நீதிமன்றம். கூட இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் அவர்கள் உறுதிமொழி எடுப்பதில்லை, தீர்ப்பில் அவர்களுக்குப் பங்கும் இல்லை. குற்றம் சாட்டப்பட்டவர் உதவிக்கு ஒருவரை வைத்துக்கொள்ளலாம். வக்கீலாகவும் இருக்கலாம். ஆனால் ராணுவ விதி 129 ஒரு கோடு போட்டிருக்கிறது: அந்த உதவியாளர் ஆலோசனை சொல்லலாம், என்ன கேள்வி கேட்கலாம் என்று எடுத்துக் கொடுக்கலாம், சாட்சியைத் தானே விசாரிக்கக் கூடாது, கோர்ட்டைப் பார்த்துப் பேசவும் கூடாது.

நோட்டுப் புத்தகத்தில் தாளைக் கிழித்துக் கிழித்துக் கேள்வி எழுதிக் கொடுத்தேன். நான் தமிழில் எழுத, அவர் அதைப் படித்து இந்தியில் கேட்க வேண்டும். சாட்சி சொல்ல நின்றவரோ அவருடைய சொந்த மேலதிகாரியான சுபேதார். அந்த மனிதரைப் பார்த்துக் கேள்வி கேட்க நாயக்குக்கு நா எழவில்லை. அட்டென்ஷனில் நின்றபடி துண்டுத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னிக்கு ராத்திரி ஸ்டோர் சாவி யார் கையில இருந்துச்சு சாப்?" இதுதான் கேள்வி. கடைசியில் கேட்டுவிட்டார். சுபேதார் கொஞ்ச நேரம் யோசித்து, சாவி இன்னொருவரிடம் இருந்தது என்றார். கேள்வியும் பதிலும் பதிவாயின. அன்றைக்குத் தண்டனை கொடுத்துவிட்டார்கள். ஆனால் சமரி கோர்ட் மார்ஷலின் காகிதங்கள் மேலதிகாரியின் பரிசீலனைக்குப் போயாக வேண்டும். அங்கே அந்த ஒரு பதிலை வைத்தே தண்டனை ரத்தானது.

ஜெனரல் கோர்ட் மார்ஷல் வேறு மாதிரி. குறைந்தது ஐந்து அதிகாரிகள், சட்டம் எடுத்துச் சொல்ல ஒரு ஜட்ஜ் அட்வகேட், நமக்கும் எழுந்து நின்று முழுக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை. நம் சாட்சியச் சட்டமேதான் அங்கும். முடிவெடுக்கும்போது பதவியில் இளையவர் முதலில் கருத்துச் சொல்ல வேண்டும்; பெரியவர் சொன்னதைக் கேட்டு இளையவர் சாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக. இந்த ஏற்பாட்டின்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஓட்டு சமமாகப் பிரிந்தால் முடிவு குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம். ஆனால் அந்தத் தீர்ப்பு அன்றே உயிர் பெறாது. மேலதிகாரி உறுதி செய்தால்தான் செல்லும். செஷன்ஸ் கோர்ட்டில் பழகிய கட்சிக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பதுதான் கஷ்டம்.

என் மகன் லீவில் வந்தவன் நாலு மாசமாகத் திரும்பிப் போகவில்லை. மனசு சரியில்லை என்கிறான். போனால் ஜெயில்தான் என்று சிநேகிதர்கள் பயமுறுத்துகிறார்கள். போலீஸ் வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போனது. என்ன செய்வது?
– ஒரு தாய், வேலூர் மாவட்டம்

அம்மா, முதலில் ஒன்று. லீவு முடிந்தும் போகாமல் இருப்பது வேறு, பட்டாளத்தை விட்டு ஓடிப்போவது வேறு. முன்னது ராணுவச் சட்டத்தின் 39-வது பிரிவு. அதிகபட்சம் மூன்று ஆண்டு. பின்னது 38-வது பிரிவு. அதில் போர்முனைப் பணியில் இருக்கும்போதோ அதற்கு உத்தரவான பிறகோ ஓடினால் மரண தண்டனைவரை சட்டத்தில் இடம் உண்டு. மற்றபடி ஏழு ஆண்டுவரை. இரண்டையும் பிரிப்பது மனசிலிருந்த எண்ணம்தான்: திரும்பி வருகிற எண்ணம் இருந்ததா, இல்லையா.

அந்த எண்ணத்தைக் காட்டும் பொருள்கள் உங்கள் வீட்டிலேயே இருக்கும். யூனிபாரம், அடையாள அட்டை, யூனிட்டுக்கு அனுப்பிய கடிதம், தந்தி மாதிரி அனுப்பிய வாட்ஸ்ஆப் செய்தி, திரும்பிப் போக எடுத்து ரத்து செய்த ரயில் டிக்கெட். எதையும் தூக்கிப் போடாதீர்கள். டாக்டரிடம் காட்டியிருந்தால் சீட்டு, மாத்திரைப் பட்டை, ரத்தப் பரிசோதனைத் தாள் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி இரண்டு செட் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். இதுவரை காட்டவில்லை என்றால் நாளைக்கே அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். பணத்துக்கு எழுதித் தரும் சான்றிதழ் மட்டும் வேண்டவே வேண்டாம். அது பிடிபட்டால் இருக்கிற நோயையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

முப்பது நாள் தாண்டினால் யூனிட்டில் ஒரு விசாரணை நடத்தி, அவர் வரவில்லை, அவர் பொறுப்பில் இருந்த அரசுப் பொருள் எது குறைகிறது என்று பதிவு செய்துவிடுவார்கள். அதற்கப்புறமும் வராவிட்டால் ஓடிப்போனவராகவே கருதப்படுவார். உங்கள் மகன் விஷயத்தில் இது நடந்து முடிந்திருக்கும். ஊர் போலீசுக்கும் தகவல் அனுப்புவது சட்டப்படியான வழக்கம். வாரண்டு இல்லாமலே பிடிக்கலாம். அவர்கள் மறுபடி வருவதற்குள் மகன் தானாகவே போய்ச் சேர்வது மிக முக்கியம். பிடித்துக் கொண்டுபோன ஆளையும் தானாக வந்த ஆளையும் எந்த கமாண்டிங் ஆபீசரும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை.

தனியாக அனுப்பாதீர்கள். அண்ணனோ மாமாவோ கூடப் போகட்டும். யூனிட் ரொம்ப தூரம் என்றால் ரெஜிமென்ட் சென்டரிலோ பக்கத்து ராணுவ நிலையத்திலோ சரணடையலாம்; மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தார் என்று எழுதி வாங்குங்கள். "மனநிலை சரியில்லை, ராணுவ மருத்துவமனையில் பரிசோதிக்க வேண்டும்" என்று ஒரு மனுவைக் கையோடு கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த முத்திரைத் தாளைப் பத்திரமாக வையுங்கள், அம்மா. பிறகு எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் நான் முதலில் கேட்பது அதைத்தான்.

நான் சர்வீசில் இருக்கும் ஜவான், லீவில் வந்திருக்கிறேன். "கில்ட்டி சொல்லிடு, லேசா விட்டுடுவாங்க" என்று யூனிட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். சொல்லிவிடலாமா?
– பெயர் வேண்டாம், திருவண்ணாமலை

தம்பி, என்னைத் தேடி வருகிற டிஸ்மிஸ் வழக்குகளில் பாதிக்குமேல் இந்த ஒரு வார்த்தையில் முடிந்துபோனவை. லேசாக விடுவார்கள் என்று உனக்குச் சொன்னவர் யாரும் அன்றைக்குத் தீர்ப்பு எழுதப் போவதில்லை. சமரி கோர்ட் மார்ஷலில் லெப்டினன்ட் கர்னலோ அதற்கு மேலோ இருக்கும் கமாண்டிங் ஆபீசர் ஓராண்டுவரை சிறை கொடுக்கலாம். வேலையிலிருந்தும் நீக்கலாம். நீக்கினால் பென்ஷனும் சேர்ந்து போகும் என்று வைத்துக்கொள்.

கில்ட்டி என்று நீ சொன்னாலும் விதி 115 உனக்கு ஒரு காவல் வைத்திருக்கிறது. குற்றச்சாட்டு என்ன, ஒப்புக்கொண்டால் விளைவு என்ன என்பது உனக்குப் புரிந்ததா என்று அதிகாரி உறுதிப்படுத்த வேண்டும், அதைப் பதிவும் செய்ய வேண்டும். அச்சடித்த படிவத்தில் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பினால், அந்தக் குறை பின்னால் உனக்கு உதவும். ஆனால் பின்னால் உதவும் என்று நம்பி இப்போது கையெழுத்துப் போடாதே.

அதற்கு முந்திய கட்டத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். கோர்ட் ஆஃப் என்கொயரியில், அதாவது நடந்தது என்ன என்று முதலில் விசாரிக்கும் கட்டத்தில், உன் நடத்தை பற்றியோ பெயர் பற்றியோ பேச்சு வந்தால், விதி 180-ன்படி நீ முழு நேரமும் உடனிருக்கலாம், சாட்சிகளைக் கேள்வி கேட்கலாம், உன் சாட்சிகளைக் கூப்பிடலாம். அப்புறம் விதி 22-ன்படி கமாண்டிங் ஆபீசர் முன்னால் சார்ஜ் விசாரணை. பிறகு விதி 23-ன்படி சமரி ஆஃப் எவிடன்ஸ், அதாவது சாட்சியங்களை எழுத்தில் பதிவு செய்வது. ஒவ்வொரு இடத்திலும் சாட்சி பேசி முடித்ததும் "கேள்வி ஏதாவது உண்டா?" என்று உன்னைக் கேட்பார்கள். உன்னைப் போன்ற தம்பிகள் "நோ சார்" என்பார்கள். கீழே இங்கிலீஷில் ஒரு வரி டைப் ஆகும்: குற்றம் சாட்டப்பட்டவர் குறுக்கு விசாரணை செய்ய மறுத்தார். கட்டைப் புரட்டினால் சாட்சிக்குச் சாட்சி அதே வரி. நீ மறுக்கவே இல்லை. மரியாதைக்காகப் பேசாமல் இருந்தாய். ஆனால் காகிதம் அப்படிச் சொல்லாது.

கேள்வி கேட்பது கீழ்ப்படியாமை ஆகாது. சட்டம் உனக்குக் கொடுத்ததை நீ எடுத்துக்கொள்கிறாய், அவ்வளவுதான். குரலை உயர்த்தாமல், "சார்" சேர்த்தே கேள். ஒவ்வொரு சாட்சிக்கும் மூன்றே கேள்வி போதும்: நேரில் பார்த்தீர்களா, எத்தனை மணிக்கு, அப்போது கூட யார் இருந்தார்கள். விசாரணை ஆரம்பிப்பதற்கு முன் சார்ஜ்ஷீட் கொடுத்து 96 மணி நேரமாவது இருக்க வேண்டும். போர்முனைப் பணி என்றால் 24 மணி நேரம். அந்த நேரத்தைச் சும்மா விடாதே.

இது பட்டாளத்துக்கு மட்டும் உரிய பயம் இல்லை. எழும்பூர், சைதாப்பேட்டை கோர்ட்டுகளில் ரிமாண்டுக்குக் கொண்டுவரும் பையனைப் பார்த்து மாஜிஸ்திரேட் "போலீஸ் அடிச்சாங்களா?" என்று கேட்பார். பின்னால் நிற்கிற ஏட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு "இல்லங்க" என்பான். முதுகில் தடிப்பு இருக்கும். அதற்கப்புறம் புழல் சிறைக்குப் போய் நான் எத்தனை மனு எழுதி வாங்கினாலும், அந்த "இல்லங்க" முன்னால் வந்து நின்றுகொள்ளும்.

கணவரை யூனிட்டிலேயே அடைத்து வைத்திருக்கிறார்கள். ஜாமீன் எடுக்க முடியுமா?
– ஒரு வாசகி, ஆவடி

நம் ஊர் மாஜிஸ்திரேட்டிடம் கேட்பது போன்ற ஜாமீன் ராணுவச் சட்டத்தில் இல்லை. ஆனால் காலவரையறை இருக்கிறது. அடைத்த 48 மணி நேரத்துக்குள் கமாண்டிங் ஆபீசர் குற்றச்சாட்டை விசாரிக்கத் தொடங்க வேண்டும். முடியாவிட்டால் காரணத்தை மேலே எழுத வேண்டும். கோர்ட் மார்ஷலுக்கு உத்தரவாகாமல் எட்டு நாள் தாண்டினால், எட்டு நாளைக்கு ஒருமுறை தாமதத்துக்குக் காரணம் சொல்லி அறிக்கை போக வேண்டும். இந்த அறிக்கைகள் போயினவா என்று கேட்டு கமாண்டிங் ஆபீசருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். அப்புறம், படையினர் வழக்குகளுக்கென்றே இருக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்கு ராணுவக் காவலில் இருப்பவரை ஜாமீனில் விடும் அதிகாரம் உண்டு. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றம் செய்தார் என்று நம்ப நியாயமான ஆதாரம் இருந்தால் மட்டும் கிடையாது. சென்னையிலேயே அதன் கிளை இருக்கிறது. தாமதிக்க வேண்டாம்.

பட்டாளத்துக்காரர் ஊரில் கொலை செய்தால் எந்தக் கோர்ட்?
– ஒரு வாசகர், மயிலாப்பூர்

ராணுவச் சட்டத்துக்கு உட்படாத ஒருவரைக் கொலை செய்தாலோ, பாலியல் வன்கொடுமை செய்தாலோ நம் செஷன்ஸ் கோர்ட்தான். போர்முனைப் பணியிலோ, வெளிநாட்டிலோ, அரசு அறிவித்த எல்லைக் காவல் நிலையிலோ இருந்தபோது நடந்தது என்றால் மட்டும் கோர்ட் மார்ஷல் விசாரிக்கலாம். இரண்டு கோர்ட்டும் விசாரிக்கக் கூடிய மற்றக் குற்றங்களில், எது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை முதலில் ராணுவ அதிகாரிக்கு. நம் கோர்ட் ஒப்புக்கொள்ளாவிட்டால் மத்திய அரசு முடிவு செய்யும். 1959-ல் பம்பாயில் நடந்த நானாவதி கொலை வழக்கு பலருக்கு நினைவிருக்கும். கடற்படை கமாண்டராக இருந்தும் அவரை விசாரித்தது ஜூரியோடு கூடிய செஷன்ஸ் கோர்ட்தான்.

குற்றம் செய்தவர் என்று தெரிந்தும் அவருக்காக வாதாடுவது உங்கள் மனசாட்சிக்குச் சரியா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், குரோம்பேட்டை

சரி என்று முழு மனசோடு சொல்கிறேன், ஐயா. செய்தாரா இல்லையா என்பதோடு வழக்கு முடிவதில்லை. செய்ததற்கு எவ்வளவு தண்டனை, அதை யார் கொடுத்தார் என்பதும் வழக்குதான்.

ரஞ்சித் தாக்கூர் என்ற சிக்னல் படை வீரரின் வழக்கு ஒன்று உண்டு. தன் அதிகாரி கொடுமைப்படுத்துகிறார் என்று நேரே மேலிடத்துக்கு எழுதினார். நடுவில் இருப்பவர்களைத் தாண்டி எழுதியதற்காக 28 நாள் கடுங்காவல். அந்தத் தண்டனையில் இருக்கும்போது, சாப்பிடு என்ற உத்தரவை மறுத்தார் என்று 1985 மார்ச்சில் சமரி கோர்ட் மார்ஷல். ஓராண்டு சிறை, வேலையும் போனது. யார்மேல் புகார் எழுதினாரோ அவரே விசாரணையிலும் உட்கார்ந்திருந்தார். இவர் என்னை விசாரிக்கக் கூடாது என்று ஆட்சேபிக்க 130-வது பிரிவு கொடுக்கும் வாய்ப்பையும் அவருக்குத் தரவில்லை.

1987-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. அவர் சாப்பிட்டார் என்று யாரும் வாதாடவில்லை, ஐயா. சாப்பிட மறுத்ததற்கு ஓராண்டு சிறையும் வேலைநீக்கமுமா என்பதும், புகாருக்கு உள்ளானவரே நீதிபதியா என்பதும்தான் கேள்வி. இதைக் கேட்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவராக இருப்பதில் எனக்கு எந்த உறுத்தலும் இல்லை.

சமரி கோர்ட் மார்ஷலில் என் தம்பி டிஸ்மிஸ் ஆகிவிட்டான். எங்கே அப்பீல் செய்வது?
– ஓய்வு பெற்ற சுபேதார், தாம்பரம்

ஐயா, நீங்கள் சர்வீசில் இருந்த காலத்தில் அப்பீல் என்ற ஒன்றே கிடையாது; மேலிடத்துக்கு மனு, இல்லையென்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட். இது பெரிய குறை என்று 1982-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. 2007-ல் சட்டம் வந்து, 2009-ல் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இயங்கத் தொடங்கியது. நான் போட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த ரிட் மனுக்களும் அங்கே மாறின. ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரும், படையில் உயர் பதவி வகித்த ஒருவரும் சேர்ந்து உட்கார்கிறார்கள். இந்த ஜோடி எனக்குப் பிடிக்கும். குவார்ட்டர் கார்டு (யூனிட்டின் காவல் அறை) என்றால் என்ன என்று அங்கே விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

டிஸ்மிஸ் அல்லது மூன்று மாதத்துக்கு மேல் சிறை என்றால்தான் சமரி கோர்ட் மார்ஷல் வழக்கு அங்கே போகும். உங்கள் தம்பிக்குப் போகலாம். தாமதமாகிவிட்டது என்றால் காரணத்தைச் சொல்லி அதையும் சேர்த்து மனுச் செய்யலாம். அங்கே தோற்றாலும் கதவு அடைபடவில்லை: தீர்ப்பாயத்தின் முடிவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

சட்டம் படிக்கிறேன். ராணுவத்திலேயே சட்ட அதிகாரி ஆவதா, உங்களைப் போல வெளியிலிருந்து வாதாடுவதா?
– சட்டக் கல்லூரி மாணவி, பட்டரைப்பெரும்புதூர்

ராணுவ உடுப்பில் ஆசை இருந்தால் ஜட்ஜ் அட்வகேட் ஜெனரல் பிரிவுக்கு விண்ணப்பி. சட்டப் படிப்பில் 55 சதவீதம் வேண்டும், 27 வயது தாண்டக் கூடாது. பயிற்சி நம் பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில், 49 வாரம். ஆண்களுக்கு அதிக இடம், பெண்களுக்குக் குறைந்த இடம் என்று ஒதுக்குவது செல்லாது என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. உனக்கு நல்ல நேரம்.

ஆனால் அங்கே உன் வேலை படைக்குச் சட்டம் சொல்வது. குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம் நிற்கத்தான் ஆசை என்றால் வெளியே வா. கோர்ட் மார்ஷலுக்கு என்று தனியாகக் குறுக்கு விசாரணை கிடையாது. அதை மாஜிஸ்திரேட் கோர்ட்டிலும் செஷன்ஸிலும்தான் பழக வேண்டும். நான் படித்தபோது கல்லூரி உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருந்தது. வகுப்பு முடிந்ததும் நாலு எட்டில் ஏதாவது ஒரு கோர்ட் ஹாலில் போய் உட்கார்ந்துவிடுவோம். 2018-ல் கல்லூரி இடம் மாறியதில் உங்கள் தலைமுறைக்கு அது போய்விட்டது. எனக்கு இன்னமும் ஆறவில்லை. விடுமுறையில் திருவள்ளூர் கோர்ட்டுக்காவது போ. சாட்சி விசாரணை நடக்கும் நாளாகப் பார்த்துப் போ. வாய்தா நாளில் போனால் ஒன்றும் தெரியாது. ராணுவ விதிகள், 1954-ஐ ஒரு பிரதி வாங்கி 22, 23, 115, 129, 180 ஐந்தையும் படித்துவிட்டு, சந்தேகங்களை எழுதி அனுப்பு. அடுத்த இதழில் இடம் கேட்டு வாங்குகிறேன்.